பாப்பாவின் அறையில் தொலைபேசி

ஜனவரி 9

அன்புள்ள இல்லத்தரசிக்கு,

நான் நலம் என்று எழுதினால் இடது முழங்கால் மறுப்புத் தெரிவிக்கிறது. மற்றபடி குறை இல்லை. உன் சர்க்கரையும் உன் தங்கையின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

நீ கேட்டிருந்தவற்றுக்கு வரிசையாகப் பதில். மூக்குக்கண்ணாடியை மாற்றிவிட்டேன். பின்கதவுத் தாழ்ப்பாளைத் தையல்காரர் சரிசெய்து கொடுத்தார். தையல்காரருக்குத் தாழ்ப்பாளைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். "பட்டன் மாதிரிதானே சார், ஒரு பக்கம் ஓட்டை, ஒரு பக்கம் குமிழ்" என்றார். கதவு இப்போது நன்றாகச் சாத்துகிறது. திறப்பதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டும்.

கடைசியாக, "வீட்டில் இப்போது எத்தனை பேர்?" என்று கேட்டிருந்தாய். இதற்குப் பதில் எழுதத்தான் பேனாவை நான்கு முறை மூடித் திறந்தேன்.

அறக்கட்டளையின் ஐந்தாம் ஆண்டு மலருக்குச் சிறு வரலாறு எழுதித் தரும்படி செயலாளர் அம்மா கேட்டிருக்கிறார். முதல் பத்தியைக் கீழே தருகிறேன். தவறு இருந்தால் சொல்.

"மகளை இழந்து எட்டு மாதம் ஆகியிருந்த ஒரு வீட்டுக்கு, மனைவியை இழந்து தொண்ணூறு நாள் ஆகியிருந்த ஒரு தையல்காரர், தைத்த கால்சட்டையைக் கொடுக்க வந்தார். உட்காருங்கள் என்றார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை, தம்பியை இழந்த தன் நண்பரையும் அழைத்துக்கொண்டு வந்தார்."

இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். உட்காருங்கள் என்று சொன்னது நான் அல்ல, நீ. அதை எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. உன் பெயரைப் போட உன் சம்மதம் வேண்டும்.

அன்று நான்கு நாற்காலி. இப்போது கூடத்தில் முப்பத்தாறு, எல்லாம் மடக்கு நாற்காலி. செவ்வாய் போதாமல் வியாழனும் சனியும் சேர்ந்தன. குழந்தையை இழந்தவர்களுக்குத் தனி வட்டம், துணையை இழந்தவர்களுக்குத் தனி வட்டம். வெளியூர்களில் இரண்டு கிளை. இதில் எதையும் நான் திட்டமிடவில்லை என்பது உனக்குத் தெரியும். வந்தவர்களைப் போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாப்பாவின் அறையைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அங்கே இரண்டாவது தொலைபேசியும் வந்துவிட்டது. துக்கத்தில் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை ஒருவர் எடுத்துப் பேசுவார். அவள் மேசையைச் சுவரோரம் தள்ளியிருக்கிறார்கள். தள்ளும்போது நான் பக்கத்தில் நின்றேன். நான் செய்தது அது மட்டும்தான்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுதினால் பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜனவரி 18

அன்புள்ள உங்களுக்கு,

இல்லத்தை விட்டு வந்து ஒன்பது மாதம் ஆகிறது, இன்னும் என்ன இல்லத்தரசி? ராஜ்ஜியத்தை நாற்காலிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு அரசி என்று கூப்பிட்டால் ஆயிற்றா?

சர்க்கரை அடங்கியிருக்கிறது. தங்கையின் இருமல் நின்றுவிட்டது, இப்போது உங்கள் சகலை ஆரம்பித்திருக்கிறார். அவர் டிவி சத்தத்தைக் கூட்ட, இவள் குறைக்க, நடுவில் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறேன்.

மலரில் என் பெயர் வேண்டாம். உட்காருங்கள் என்று நான் சொன்னது ஒரு மனிதரிடம். முப்பத்தாறு பேரிடம் அல்ல.

நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. நான்கு வருடம் அவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டவள் நான்தான். எனக்கு யார் மேலும் வருத்தம் கிடையாது. ஆனால், பாப்பாவை நினைத்துக் கொஞ்சம் அழலாம் என்று சமையலறைக்குப் போனால், அங்கே ஏற்கனவே ஒரு அம்மா நின்று அழுதுகொண்டிருப்பார். அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். மாடிக்குப் போனால் அங்கே ஒருவர். என் வீட்டில் என் முறை வரவே இல்லை.

அப்புறம் உங்கள் செயலாளர் அம்மா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், அழ வருகிறவர்களைக்கூட வரிசையில் நிற்க வைப்பவர். நான் விசில் டீச்சர் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "இந்த ரூம் சும்மாதானே சார் கிடக்கு?" என்று அவர் கேட்டபோது நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "லைட்டு கொஞ்சம் மங்கல்." மறுநாள் புது விளக்கோடு வந்து நின்றார்கள். அதற்கு அடுத்த வாரம் நான் பெட்டியைக் கட்டினேன்.

நீங்கள் நல்லவர். அதுதான் என் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருந்திருப்பேன்.

அந்த அறையைக் காலி செய்யுங்கள். அன்றைக்கே பேருந்து ஏறுகிறேன். கூடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரட்டும். அந்த ஒரு அறை.

இன்னும் உங்கள் மனைவிதான்


பிப்ரவரி 3

அன்புள்ள உனக்கு,

பட்டத்தை எடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே குழுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக 'அறை' என்று சேர்த்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு முறை படித்தும் பார்த்தேன். மூன்று நிமிடம் வந்தது.

ஆறாவது, தொலைபேசி அறிக்கை. சென்ற மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். ஒருவர் தினமும் நான்கு மணிக்குக் கூப்பிடுகிறாராம். எதுவும் பேசுவதில்லை. ஐந்து நிமிடம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு "ரொம்ப நன்றிங்க" என்று வைத்துவிடுவார். பதினெட்டு நாளாக இப்படி. பத்தொன்பதாம் நாள் "என் பொண்டாட்டி வச்ச கோலப்பொடி டப்பா இன்னும் வாசல்ல இருக்கு" என்றாராம். தொலைபேசி எடுக்கும் பெண் இதைச் சொல்லும்போது குழுவில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்தது என் முறை. விசில் டீச்சர் (நீ சொல்லிச் சொல்லி எனக்கும் வந்துவிட்டது, நேரில் வாய் தவறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது) "ஏழாவது என்ன சார்? வெறும் 'அறை'ன்னு போட்டிருக்கீங்க. யாரை அறையணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் தாள் இருந்தது. நான், "அறையில் காற்றோட்டம் போதவில்லை" என்றேன்.

ஏகமனதாக ஒரு மின்விசிறி தீர்மானமாயிற்று. புதன்கிழமை மாட்டிவிட்டார்கள்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன். அறுபது மாணவர்களை அமைதியாக உட்கார வைத்தவன், ஆறு பேருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். என்ன மனிதன் நான் என்று தோன்றுகிறது. அடுத்த கூட்டத்தில் மீண்டும் முயல்வேன். முயல்வேன் என்று மட்டும்தான் எழுத முடிகிறது.

இன்னொரு செய்தி. நீ இருக்கும் ஊரில் மூன்றாவது கிளை திறக்கிறார்கள். நூலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில், வியாழக்கிழமைகளில். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. அங்கிருந்து நிறைய அழைப்புகள் வருகின்றன என்பதுதான் காரணம். நான் உன்னைத் துரத்திக்கொண்டு வருவதாக நினைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் கணவன்


பிப்ரவரி 15

அன்புள்ள உங்களுக்கு,

மின்விசிறியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தங்கை அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "என்னக்கா, மாமா வரச் சொல்லிட்டாரா?" என்றாள். "இல்லடி, காத்து வரச் சொல்லியிருக்காரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கிளை திறக்கட்டும். நான் கோபமாக இல்லை. இந்தக் கடிதத்தில் சண்டையும் இல்லை. வேறொன்று எழுத வேண்டும். ஆறு வருடமாக வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போவதை எழுதிவிடுகிறேன்.

பாப்பா போன அந்தப் புதன்கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அவளோடு ஃபோனில் சண்டை போட்டேன் அல்லவா? நீங்கள் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தீர்கள். தலை வலிக்கிறது, நான்கு நாளாக வலிக்கிறது என்றாள். லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வா என்றேன். வேலை இருக்கிறது என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எங்களைவிட உனக்கு ஆபீசுதான் பெருசுன்னா அங்கயே இரு. இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதே" என்று வைத்துவிட்டேன்.

சின்ன வயதிலிருந்து நான் சொன்னதை ஒருநாளும் கேட்டவள் இல்லை. அதை மட்டும் கேட்டுவிட்டாள்.

தனியாக வாடகை அறையில் உடம்பு முடியாமல் கிடந்த அந்த மத்தியானத்தில்கூட அவளுக்கு நம்மைக் கூப்பிடத் தோன்றவில்லை. அவள் ஃபோனைத் திறந்து பார்க்கவும் நமக்கு வழி தெரியவில்லை. அன்று சாயங்காலம் உங்களிடம் கேட்டேன், "உங்களுக்காவது பண்ணாளா?" என்று. இல்லை என்றீர்கள். அந்த 'இல்லை'யோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

வட்டத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களிடம்தான் சொல்ல முடியும். ஏதாவது எழுதுங்கள். கூட்டக் குறிப்பு மாதிரி வேண்டாம்.

உங்கள் மனைவி


மார்ச் 6

அன்புள்ள உனக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

உன் மேல் எந்தத் தவறும் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. மூளையில் ரத்தக்கசிவு, யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது சந்தேகம் என்று மருத்துவர் அன்றே சொன்னார். கோபத்தில் சொன்ன ஒரு சொல்லைப் பாப்பா மனதில் வைத்துக்கொள்பவள் அல்ல. இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. எழுத வேண்டியது இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

வேறு செய்திகள். புதிய உதவியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. நாற்பத்திரண்டு பேர். அடுத்தவர் துக்கத்தைக் கேட்கப் போகிறவர், தன் மனதில் உள்ளதை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பது விசில் டீச்சரின் கொள்கை. அதனால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் வழக்கம்போல் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெண், "ஐயா மட்டும் எழுதிக்கிட்டே இருக்காரே, அவர் சொல்லலையா?" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். நானும் ஏதோ சொன்னேன்.

மலர் அச்சுக்குப் போகிறது. கடைசியாக ஒருமுறை பார்க்கக் கொடுத்தார்கள். சில நிறுத்தற்குறிகளையும் ஒரு தேதியையும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

அறை விஷயமாக இந்தக் கூட்டத்திலும் பேச முடியவில்லை. மழை வந்ததால் பாதியில் கலைந்தார்கள் என்று எழுதலாம். மழை நான்காவது விஷயத்திலேயே நின்றுவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஏப்ரல் 11

அறக்கட்டளைத் தலைவர் அவர்களுக்கு,

சர்க்கரைக்குப் பரிசோதனை செய்யப் போயிருந்தேன். மருத்துவமனையில் உட்காரும் இடத்தில் உங்கள் மலர் அடுக்கி வைத்திருந்தது. புதிதாகத் திறந்த கிளைக்காரர்கள் வைத்துவிட்டுப் போனார்களாம். இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

பதினோராம் பக்கம். 'நிறுவனரின் சொற்களில்.'

"மகளின் அழைப்பு வந்தபோது, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு பேசலாம் என்று, எடுக்காமல் விட்டேன். பிறகு என்பது வரவில்லை. இதை என் மனைவியிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை."

மூன்று முறை படித்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள், போகவில்லை. டோக்கன் தள்ளிப் போயிற்று.

பாப்பா கூப்பிட்டிருக்கிறாள். பண்ணாதே என்று நான் சொன்ன பிறகும் கூப்பிட்டிருக்கிறாள். என்னை வெறுத்துக்கொண்டு அவள் போகவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடமும் ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சும் வேண்டியிருந்தது. பிப்ரவரியில் நான் எழுதினேனே, கெஞ்சாத குறையாக எழுதினேனே! அந்தக் கடிதத்தை மேசை மேல் வைத்துக்கொண்டுதானே நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் போய்ச் சொன்னீர்கள்? அத்தனை பேருக்குச் சொன்னதை ஒரு ஆளுக்குச் சொல்ல முடியவில்லையா?

சொல்ல முடியாமல்தான் அச்சடித்து அனுப்பினீர்களா? என்றைக்காவது என் கண்ணில் படட்டும் என்று?

அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. அங்கங்கே உங்கள் காற்புள்ளி தெரிகிறது.

தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உங்களைத் திட்டுவாள், அதைக் கேட்கவும் எனக்குப் பிடிக்காது.

நீங்களே எழுதுங்கள். எனக்கு. அச்சில் வராமல் ஏதாவது மிச்சம் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.


ஏப்ரல் 16

அன்புள்ள உனக்கு,

எழுதுகிறேன். வரிசையாகத்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்.

அந்தப் புதன்கிழமை நீ கண் மருத்துவரிடம் போயிருந்தாய். நான் தபால்வழிக் கல்வியின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கட்டு முப்பது. ஒரு கட்டை ஆரம்பித்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். நடுவில் எழுந்தால் முதல் மாணவனுக்கு ஒரு மனநிலை, கடைசி மாணவனுக்கு ஒரு மனநிலை ஆகிவிடும் என்று சொல்வேன். இருபத்து மூன்று முடிந்திருந்தது. ஏழு பாக்கி. மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு ஃபோன் அடித்தது. திரையில் 'பாப்பா'.

எடுக்கவில்லை. கடைசி வரை அடித்து நின்றது. அவசரம் என்றால் மறுபடி அடிப்பாள் என்று நினைத்தேன். மறுபடி அடிக்கவில்லை. ஏழு தாளையும் திருத்தினேன். மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்தேன். ஐந்து பத்துக்கு நான் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு இருபதுக்கு அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா பேசினார்.

இதுவரை மலரில் இருப்பதுதான். மிச்சம் இனிமேல்.

விடைத்தாள் ஒரு சாக்கு. ஃபோன் அடித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு என்னைப் பஞ்சாயத்துக்கு இழுக்கப் போகிறாள், "அம்மாகிட்ட நீங்க சொல்லுங்கப்பா" என்பாள், நான் யார் பக்கமும் பேச முடியாமல் தவிக்க வேண்டும் என்று நினைத்தேன். எடுக்காமல் விட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

"உங்களுக்காவது பண்ணாளா?" என்று நீ கேட்டாய். உன் முகம் அப்போது இருந்த இருப்பில் 'பண்ணினாள், நான் எடுக்கவில்லை' என்று சொல்லத் தைரியம் இல்லை. இல்லை என்றேன். பிறகு குளியலறைக்குப் போய், ஃபோனில் இருந்த அந்த ஒரு வரியை அழித்தேன். சொன்ன பொய்க்குப் பொருந்தும்படி ஃபோனைத் திருத்தினேன். அதிலிருந்து எல்லாம் சுலபமாகப் போயிற்று. நீ கேட்கவே இல்லை. நீ உன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாய் என்பது, சத்தியமாக, பிப்ரவரிவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் மார்ச் மாதம் அந்தக் கடிதத்தை எழுதினேன். அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

மலரின் அச்சுப் பிரதியைக் கொடுத்தபோது, அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பயிற்சியில் நான் சொன்னதைக் கேட்டு எழுதிய பெண் எதிரில் நின்றுகொண்டிருந்தார். நன்றாக எழுதியிருந்தார். நான் பேனாவை எடுத்துக் காற்புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டேன். உன் கண்ணில் படட்டும் என்று நினைத்தேனா? இந்தக் கேள்வியை மூன்று நாளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நினைத்திருக்கலாம். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அவள் அறையில் தொலைபேசி வைக்க வேண்டாம் என்று ஏன் சொல்ல முடியவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதானோ என்னவோ. அங்கே மணி அடிக்கும்போதெல்லாம் யாரோ ஓடிப் போய் எடுக்கிறார்கள். கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் மட்டும் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எடுக்க உட்கார்ந்து பார்த்தேன். கை வரவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. அதனால் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் தவறாக இருக்கலாம்.

உன் கணவன்


மே 24

அன்புள்ள உங்களுக்கு,

உடனே பதில் எழுதியிருந்தால் நல்லபடியாக எழுதியிருக்க மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. மன்னிக்க மாட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் பொய்யாக இருந்தது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நூலகத்துப் பக்கத்து மாடிக்கு மூன்று வியாழக்கிழமையாகப் போகிறேன். உங்கள் மனைவி என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால்தான் வாய் திறக்கும் போலிருந்தது. வட்டத்தை நடத்துபவர் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். மகனை இழந்தவர். முதல் நாள் நான் கதவோரமே நிற்க, "உள்ள இடம் இருக்கும்மா, முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நானும் உள்ளே போய்விட்டேன். அதுவரை அப்படி ஒரு அறைக்குள் நான் தேநீர்த் தட்டு இல்லாமல் போனதே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டையைச் சொன்னேன். ஃபோன் வந்ததையும் சொன்னேன். நீங்கள் எடுக்காததையும், அழித்ததையும் சொன்னேன். நீங்கள் யார் என்று சொல்லவில்லை. யாரும் உங்களைத் திட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது கண்டக்டர் கேட்டார்: "நீங்க இங்க வந்து பேசிட்டீங்க. அவருக்குப் பேச யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"அவர் வீட்டுல முப்பத்தாறு நாற்காலி இருக்குங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் படியிறங்கும்போதுதான் புரிந்தது, அது பதில் இல்லை என்று.

அறையைக் காலி செய்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது என்னைக் கேட்கவும் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

யாராவது இருக்கிறார்களா?

உங்கள் மனைவி


ஜூன் 5

அன்புள்ள உனக்கு,

உன் கேள்விக்குச் சரிபார்க்காமல் பதில் எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை நம் வீட்டு வட்டத்தில் போய் உட்காரலாம் என்று கூடத்துக்குப் போனேன். குறிப்பேடு எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தையல்காரர் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "சார் வந்திருக்காரு. சார், எங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். முந்திய வாரம் கணவரை இழந்த ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தை சொன்னேன். நல்ல வார்த்தைகள்தான். பிறகு தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன். அங்கே நான் அழ முடியாது. அவர்களுக்கு அது தாங்காது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இல்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே வட்டத்தில் உட்காரக் கூடாது என்பது நம் விதிகளில் ஒன்று. அந்த விதியை எழுதியவன் நான்தான். அதை மாற்றி, உங்கள் ஊர் வட்டத்தில் எனக்கு ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்று குழுவில் கேட்டேன். இந்த முறை காற்றோட்டம் என்று சொல்லவில்லை. முழுவதும் சொன்னேன். தாளைப் பார்க்காமல் சொன்னேன். விசில் டீச்சர் தன் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "சார், பக்கத்துல வீட்டு ஆள் இருந்தா மனசுல இருக்கிறது வாயில வராதுன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. அந்தம்மா இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. அதைக் கெடுக்கலாமா?" என்றார். வாக்கெடுப்பு நடந்தது. தையல்காரர் ஒருவர்தான் எனக்காகக் கை தூக்கினார். மற்ற ஐந்து பேரும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் கை தூக்கியிருப்பேன்.

எனவே உள்ளே வர மாட்டேன். அங்கே நீ சொல்வதைக் கேட்கவும் மாட்டேன்.

ஆனால் மாடிப்படிக்குக் கீழே, நூலகச் சுவரோரம் ஒரு சிமெண்டுப் பலகை இருக்கிறது என்று கண்டக்டரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. ஜூன் இருபது வியாழக்கிழமை, வட்டம் நான்கு மணிக்கு. மூன்றரையிலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பேன். நீ மேலே போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். இறங்கி வரும்போது நீ என்னிடம் பேச வேண்டும் என்பதில்லை. பார்க்காமல் போனாலும் எனக்குப் புரியும். உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். வேறு எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

வரலாமா என்று கேட்டால் உனக்குப் பதில் எழுதும் பாரம். அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். வர வேண்டாம் என்றால் மட்டும் ஒரு வரி எழுது. பத்தொன்பதாம் தேதித் தபால் வரைக்கும் பார்ப்பேன். எதுவும் வராவிட்டால், மறுநாள் காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறுகிறேன்.

உன் கணவன்